எதிராளியின் கடிகாரம்: லிச்செஸ்ஸில் சில வருட அனுபவம்

லிச்செஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது எதிராளியின் இணைப்பு அறுந்துவிட்டால், சற்று நேரம் கழித்து நம் திரையில் ஓர் அறிவிப்பு வரும். வெற்றியை எடுத்துக்கொள்ளலாம், டிரா என்று முடித்துக்கொள்ளலாம், இல்லையென்றால் காத்திருக்கலாம். மூன்றில் எதைச் செய்தாலும் விதிப்படி சரிதான், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. ஆன்லைன் செஸ்ஸில் ஒருவருடைய குணம் தெரிகிற இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். சாட்டில் 'குட் கேம்' என்று போடுவதெல்லாம் இதற்கு அப்புறம்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். வேலை ஒயிட்ஃபீல்டில். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு ஆட்டம், சில நாள் இரண்டு. பத்து நிமிடமும் ஒவ்வொரு நகர்வுக்கும் ஐந்து விநாடி கூடுதலும் உள்ள ரேப்பிட்தான் எனக்குப் பிடித்தது. செஸ் டாட் காமிலும் கணக்கு இருக்கிறது, ஆனால் சில வருடங்களாகப் பெரும்பாலும் லிச்செஸ்தான். 2010இல் திபோ டூப்லெஸ்ஸி என்ற பிரெஞ்சு நிரலாளர் தொடங்கியது. லாப நோக்கமில்லாத அமைப்பு, நன்கொடையில் நடக்கிறது, விளம்பரமே கிடையாது. அதன் வசதிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எதிரே உட்காருகிற மனிதரோடு எப்படிப் பழகுவது என்பதில் இந்தத் தளம் எனக்கு என்ன காட்டியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. இரண்டு பக்கமும் ஒரு யானை, எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. என் முறை வந்தபோது கரண்ட் போனது, வைஃபையும் போனது. அறைக்குள் போன் சிக்னல் எடுக்கவில்லை. பால்கனிக்குப் போய், ஏரிப் பக்கமாகப் போனை நீட்டிக்கொண்டு நின்று, ஒருவழியாக உள்ளே நுழைந்தேன். நேரம் போய்த் தோற்றிருப்பேன் என்றுதான் நினைத்தேன். பலகை அப்படியே இருந்தது. கடிகாரத்தில் நான்கு நிமிடம்! லிச்செஸ்ஸில் எதிராளியின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி உண்டு. அதை அழுத்தினால் அவருக்கு 15 விநாடி சேரும். நான் இருட்டில் நின்ற நேரமெல்லாம் அந்த மனிதர் அதை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் இந்தோனேசியக் கொடி. சாட்டில் 'பவர் கட்?' என்று மட்டும் கேட்டிருந்தார். ஆமாம் என்றேன். எங்கள் ஊரிலும் இப்படித்தான் என்றார். ஆட்டம் டிராவில் முடிந்தது. யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தாலும் ஜெயிப்பது லேசில்லை. அவரும் நன்றாகத் தடுத்தார்.

ரேட்டட் ஆட்டம் அது, அதாவது முடிவைப் பொறுத்து நம் புள்ளிகள் ஏறி இறங்கும். வெற்றியை எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவருக்குப் புள்ளிகள் ஏறியிருக்கும். எனக்கும் அவர்மேல் ஒரு வருத்தமும் வந்திருக்காது.

இதைவிடப் பெரிய அளவில் ஒன்று நடந்திருக்கிறது. 2020இல், கொரோனா முடக்கத்தின்போது, மேக்னஸ் கார்ல்சனும் டிங் லிரெனும் ஒரு ஆன்லைன் போட்டியில் மோதினார்கள். டிங்கின் இணைப்பு அறுந்துபோய், நேரம் தீர்ந்து, ஒரு ஆட்டத்தைத் தோற்றார். அடுத்த ஆட்டம் தொடங்கியதுமே கார்ல்சன் வேண்டுமென்றே ராணியைக் கொடுத்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு ரிசைன் செய்தார். பரிசுப் பணம் உள்ள போட்டி, உலக சாம்பியனாக இருந்த ஆள். அப்படிச் செய்யும்படி அவரை எந்த விதியும் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஆட்களும் தினமும் வருவார்கள். என் அக்கா மகன் ஏழாம் வகுப்பு. லீவுக்கு வந்தால் என் பக்கத்திலேயே உட்கார்ந்து டேபில் ஆடுவான். ஒருநாள் அடுத்த நகர்வில் செக்மேட் என்கிற நிலையில் எதிராளி அசையாமல் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, தோக்கப் போறோம்னு தெரிஞ்சும் வேணும்னே உக்காந்திருக்கான்."

"அவன் டைம் எவ்ளோ இருக்கு?"

"எட்டு நிமிஷம். எல்லாத்தையும் ஓட்டிட்டுதான் விடுவான் போல."

"நீ எழுந்து போயிடாதே. தண்ணி வேணும்னா நான் கொண்டு வர்றேன்."

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருப்பவர் கடைசிச் சில விநாடிகளில் சட்டென்று ஒரு நகர்வு வைப்பார். அதற்குள் நாம் சலித்துப்போய் வேறு ஆப்புக்குப் போயிருந்தால் நம் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் அதுதான் நடந்தது. பையன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, நகர்வு வந்ததும் மேட் வைத்தான். நான்கு வார்த்தை திட்ட வேண்டும் என்று கை பரபரத்தது அவனுக்கு. ஆனால் அவன் கணக்கில் கிட் மோட் போட்டு வைத்திருக்கிறேன். அதில் சாட்டே கிடையாது, வெளியார் செய்தியும் வராது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஆடினால் முதலில் இதைப் போடுங்கள். பிள்ளைகளுக்கு வரும் வசவும் நிற்கும், பிள்ளைகள் விடும் வசவும் நிற்கும்.

இப்படி நேரத்தைக் கரைப்பவர்களையும் பாதியில் ஓடிப்போகிறவர்களையும் லிச்செஸ் தானாகவே கவனிக்கிறது. திரும்பத் திரும்பச் செய்தால் கொஞ்ச நேரம் ஆட விடாது, அப்புறமும் செய்தால் தடை நேரம் நீளும். நல்ல ஏற்பாடு. ஆனால் எவ்வளவு கண்காணித்தாலும் இதில் ஓர் ஓட்டை இருக்கத்தான் செய்யும். யோசிக்கிறாரா, வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாரா என்பதை ஒரே ஆட்டத்தை வைத்து இயந்திரத்தால் சொல்ல முடியாது. நிஜமாகவே கஷ்டமான நிலையில் ஐந்து நிமிடம் யோசிப்பவரும் உண்டு. அதனால் எதிராளி மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாலே 'சீக்கிரம் ஆடு' என்று சாட்டில் நச்சரிப்பவர்கள்மேலும் எனக்குக் கோபம் வரும். அது அவருடைய நேரம். பலகைக்கு முன்னால் உட்கார்ந்து ஆடும்போதும் எதிராளியை எந்த விதத்திலும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதியே இருக்கிறது. காரணமில்லாமல் திரும்பத் திரும்ப டிரா கேட்பதும் அந்தத் தொந்தரவில் அடக்கம்.

நேர் ஆட்டத்தில் முகம் தெரியும், கை தெரியும். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதும், கண்ணில் நீர் வழிய, பலகையில் காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் திருப்பி வைத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம்தான் எழுந்து கையை உயர்த்தினார். அடுத்த வருடம் நார்வேயில் அதே குகேஷிடம் தோற்ற கார்ல்சன் மேஜையை ஓங்கிக் குத்தினார், காய்கள் சிதறின. உடனே மன்னிப்புக் கேட்டார், போகும்போது குகேஷின் முதுகில் தட்டிக் கொடுத்தார். 2008இல் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ போட்டியில் செபாரினோவ் கைகுலுக்க மறுத்தார் என்பதற்காக நைஜல் ஷார்ட்டுக்கு முதலில் வெற்றியே கொடுத்தார்கள். பிறகு முறையீட்டின் பேரில் மறுபடி ஆடச் சொன்னார்கள், அதிலும் ஷார்ட்தான் ஜெயித்தார். ஆன்லைனில் குத்துவதற்கு மேஜையும் இல்லை, குலுக்கக் கையும் இல்லை. நாம் கோபத்தில் மவுஸைத் தூக்கி எறிந்தாலும் எதிராளிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது நம் நகர்வும் நம் கடிகாரமும்தான். அதனால்தான் நேரத்தை எப்படி நடத்துகிறோம் என்பதை இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன். ரிசைன் செய்யாமல் ஜன்னலை மூடிவிட்டுப் போவது, பந்தியில் எதிரே ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவது போல.

அதற்காக, தோற்கிற நிலை வந்ததும் எல்லோரும் ரிசைன் செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அதை மரியாதைக் குறைவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. புதிதாக ஆடுகிறவர் கடைசிவரை ஆடட்டும். ராணி வைத்திருப்பவர் கவனமில்லாமல், செக் இல்லாமலே எதிராளிக்கு நகர வழியில்லாத ஸ்டேல்மேட் ஆக்கி டிராவில் விட்டுவிடுவது தினமும் நடக்கிறது. மேட் வைக்கத் தெரியும் என்று நிரூபிப்பது ஜெயிக்கிறவர் வேலை. எனக்குப் பிடிக்காதது ஜெயிக்கிறவர் பக்கம் நடக்கும் இன்னொன்று. மேட் கண்முன்னே இருக்கும்போது, இருக்கிற சிப்பாய்களையெல்லாம் ஓட்டிப்போய் ராணி மேல் ராணியாக எடுத்து வைத்து விளையாட்டுக் காட்டுவது. எதிராளி ரிசைன் செய்யவில்லை என்கிற எரிச்சலில் செய்கிறார்களாம். எரிச்சல் என்றால் மேட் வைத்து முடித்துவிடலாமே.

நேரம் போய் ஜெயிப்பதைப் பற்றியும் நிறையச் சண்டை வரும். 'இது ஒரு வெற்றியா?' என்று சாட்டில் கேட்பார்கள். வெற்றிதான். கடிகாரமும் ஆட்டத்தில் ஒரு பகுதி. மேட் வைக்க எதிராளியிடம் போதுமான காய் இல்லையென்றால் நேரம் போனாலும் டிராதான், அந்த நியாயம் விதியிலேயே இருக்கிறது. அதற்கு மேல் வருத்தம் இருப்பவர்கள் கூடுதல் விநாடி இல்லாத மூன்று நிமிட 3+0 ஆட்டத்துக்குப் போகாமல், நகர்வுக்கு இரண்டு விநாடி சேரும் 3+2 ஆடலாம்.

டேக்பேக், அதாவது வைத்த நகர்வைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேட்கும் விஷயத்தில் என் வழக்கத்தைச் சொல்கிறேன். போனில் ஆடும்போது கட்டைவிரல் வழுக்கி, ராணி ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிடும். பார்த்ததுமே தெரியும், யோசித்து வைத்த நகர்வு இல்லை என்று. அப்படி விழுந்து எதிராளி கேட்டால், ரேட்டட் ஆட்டமாக இருந்தாலும் கொடுத்துவிடுவேன். யோசித்து வைத்துவிட்டு, நான் காயை வெட்டிய பிறகு கேட்டால் கிடையாது. இதெல்லாம் பிடிக்காதவர்கள் செட்டிங்கில் டேக்பேக்கை, புள்ளிகள் மாறாத கேஷுவல் ஆட்டத்துக்கு மட்டும் என்று வைத்துவிடலாம், முழுதாக மூடவும் செய்யலாம். கூடுதல் நேரம் கொடுக்கும் கூட்டல் குறிக்கும் அதே மாதிரி செட்டிங் உண்டு. அதை மட்டும் தயவுசெய்து மூடாதீர்கள்.

சாட்டைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தொடக்கத்தில் 'ஹலோ', 'குட் லக்', முடிவில் 'குட் கேம்', 'வெல் பிளேய்ட்', 'தேங்க் யூ' என்று தயாராகவே பொத்தான்கள் இருக்கும். நடுவில் யாராவது கண்டபடி எழுதினால் சாட்டை அணைத்துவிட்டு ஆடலாம். என் பெயரைப் பார்த்து 'தமிழா ப்ரோ?' என்று கேட்பவர்கள் அவ்வப்போது வருவார்கள், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஓசூர்க்காரர், தாராவிக்காரர், மலேசியாவிலிருந்து ஒருவர் என்று பேசியிருக்கிறேன். ஆட்டம் முடிந்த பிறகு அனாலிசிஸ் பக்கத்தில் நின்று, 'இங்கே குதிரையை வைத்திருந்தால் நான் காலி' என்று தோற்ற எனக்கே வழி காட்டிய ஆட்களும் உண்டு. போட்டி அரங்குகளில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அலசுவார்களே, அது இங்கேயும் நடக்கிறது.

மற்ற ஆன்லைன் வீடியோ கேம்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று ஆபீஸ் பையன்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் 2021இல் எதிரணியோடு பேசும் சாட்டையே நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள். ஓவர்வாட்சில் ஜெயித்தவர் 'ஜிஜி ஈஸி' ('குட் கேம், ரொம்பச் சுலபம்') என்று இளக்காரமாகத் தட்டினால், அதற்குப் பதிலாக அவரே குழந்தைத்தனமாகப் பேசுவது போன்ற வரி தானாக வரும்படி செய்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் வார்த்தையை மட்டும் அடைத்தால் போதாது என்பது செஸ் ஆடுகிறவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தைகூடப் பேசாமல் எட்டு நிமிடம் ஒருவரை அவமதிக்க முடியும்.

எஞ்சின், அதாவது நகர்வு சொல்லித்தரும் செஸ் மென்பொருள் வைத்து ஏமாற்றுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். சந்தேகம் வந்தால் ரிப்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். சாட்டில் 'சீட்டர்' என்று கத்தாதீர்கள். பத்து முறை கத்தினால் அதில் பாதிக்கு மேல் நன்றாக ஆடிய அப்பாவிகள்தான் இருப்பார்கள். நிஜமாகவே ஏமாற்றியவர் பிடிபட்டால் இழந்த புள்ளிகள் திரும்பி வரும், அதற்கான செய்தியும் வரும்.

மொத்தத்தில் லிச்செஸ்ஸை யாருக்கும் தயங்காமல் சொல்வேன். ஒரே ஒரு ஆசை பாக்கி இருக்கிறது. ஆட்டத்தை விட்டு ஓடுகிறவரையும் நேரத்தைக் கரைக்கிறவரையும் தளம் குறித்து வைத்துக்கொள்கிறது, தேவைப்பட்டால் தண்டிக்கிறது. கரண்ட் போன எதிராளிக்காகக் கூட்டல் குறியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவரைப் பற்றி அவர் பக்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. பட்டம், பதக்கம் எதுவும் வேண்டாம். 'இவர் காத்திருந்தார்' என்று எதிராளி ஒரு வரி விட்டுப்போக இடம் இருந்தால் போதும். அது வரும்வரை நான் தனிச் செய்தியில் நன்றி சொல்லிவிடுகிறேன். அந்த இந்தோனேசியக்காரர் மறுநாளே 'ரீமேட்ச்?' என்று பதில் போட்டார். இப்போது மாதத்துக்கு ஓரிரு ஆட்டம் ஆடுகிறோம், பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார்.