பில் போட ஆளா, இயந்திரமா?

பால் பாக்கெட், பிரெட் என்று இரண்டு பொருள் வாங்கும் நாளில், நாமே ஸ்கேன் செய்து யூபிஐயில் பணம் கட்டும் இயந்திரம்தான் எனக்கு வசதி. வரிசை இல்லை, சில்லறைப் பிரச்சினையும் இல்லை.

மாதச் சாமான் வாங்கும்போது கதை வேறு. வெண்டைக்காயில் பார்கோடு கிடையாது. எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்ட மறந்தால் திரும்ப ஓட வேண்டும். போன மாதம் தி.நகர் கடை ஒன்றில் ஒரே எண்ணெய் பாக்கெட் பில்லில் இரண்டு முறை ஏறிவிட்டது. ஊழியர் வந்து நீக்கும்வரை பத்து நிமிடம் நின்றேன். கவுண்டர் அக்காவாக இருந்தால் உடனே சரிசெய்திருப்பார். "இதுக்கு ஆஃபர் இருக்கு, இன்னொண்ணு எடுத்துக்கோங்க" என்று சொல்வதும் அவர்தான்.

ஸ்கேனே வேண்டாத கடையும் உண்டு. 2018இல் சியாட்டிலில் பொதுமக்களுக்குத் திறந்த அமேசான் கோ, கேமராவையும் அலமாரி சென்சாரையும் வைத்தே பில் போட்டது. ஆனால் 2024இல் அந்நிறுவனமே அமெரிக்காவிலுள்ள தன் 'அமேசான் ஃப்ரெஷ்' மளிகைக் கடைகளில் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. பெரிய கூடை நிறையச் சாமான் வாங்குபவர்கள், மொத்தம் எவ்வளவு ஆகிறது என்பதைக் கடையிலேயே பார்க்க விரும்புவது நியாயம்தானே.

அப்புறம், என் அம்மா. ரொக்கம் மட்டுமே வைத்திருக்கிறார், திரையைத் தொடத் தயங்குகிறார். அவருக்காகவாவது ஒரு கவுண்டரில் ஆள் இருந்தே ஆக வேண்டும்.