மழை விட்ட பிறகும் ஒழுகும் கார்

நான் வைத்திருக்கும் அதே மாடலில் ஒரு பழைய காரைப் பார்த்துவிட்டு வந்த நண்பர், "வாங்கலாமா? நீதான் இத்தனை வருஷமா ஓட்டுறியே" என்று கேட்டார். இன்ஜின், மைலேஜ், சஸ்பென்ஷன் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான், நல்லதாகவே தெரிந்திருக்கிறது. நான் சொல்ல வேண்டியது கூரையைப் பற்றி. சன்ரூஃப் இல்லாத, சாதாரணத் தகரக் கூரை. பத்து வயதைத் தாண்டியதும் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் தெரிந்தது ஓட்டுநர் காலடியில் ஈரம். மேல் மேட் காய்ந்தே இருக்கும். அதை எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும். கார்ப்பெட்டுக்கு அடியில் கனமான ஃபோம் இருக்கிறது. அது குடிக்கிற தண்ணீரை எளிதில் விடாது. அதனால் ஈரம் எப்போது வந்தது என்பதே பிடிபடாது.

ஏசி தண்ணீர்தான் என்று பார்க்கிற எல்லோரும் சொன்னார்கள். அதுவா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். ஏசியின் வடிகுழாய் அடைத்திருந்தால் மழையே இல்லாத நாளிலும் ஈரம் வரும். ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் சூடு தர இன்ஜின் கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர், கசிந்தால் தண்ணீர் பிசுபிசுக்கும், இனிப்பான ஒரு வாடை அடிக்கும். என் காரில் மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பிறகு மட்டுமே ஈரம், அதுவும் வாடை இல்லாத சுத்தமான தண்ணீர். ஆகவே வெளியிலிருந்துதான் வருகிறது.

என்னை எரிச்சலின் உச்சிக்குக் கொண்டுபோனது வேறொன்று. மழை பெய்துகொண்டிருக்கும்போது ஒன்றும் ஆகாது. மறுநாள் நல்ல வெயிலில் ஓட்டிப் போகும்போது சிக்னலில் பிரேக் பிடித்தால் ரூஃப் லைட்டின் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். தகரத்துக்கும் உள்லைனிங்குக்கும் நடுவே தேங்கி நின்ற தண்ணீர், வண்டி வேகம் குறைந்ததும் முன்னால் ஓடி வந்து, கிடைத்த ஓட்டை வழியாக இறங்குகிறது. விளக்கின் வயர் போகிற இடத்தில் தண்ணீர். கூரை ஒழுகலில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: சொட்டுகிற இடம் வேறு, நுழைகிற இடம் வேறு. கூரைக்கு அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம், வயர் கட்டு, கூரையைத் தாங்கும் தூணான பில்லரின் உள்பக்கம் என்று எதைப் பிடித்தும் தண்ணீர் நடந்து போகும். வண்டி சாய்வாக நின்றால் பாதையும் மாறிவிடும். லைட் பக்கம் சொட்டுகிறதே என்று லைட்டுக்கு மேலே தேடினால் எதுவும் கிடைக்காது.

இந்தக் காரில் கூரைத் தகரமும் பக்கவாட்டுத் தகரமும் சேரும் இடத்தில் இரு பக்கமும் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. அங்கே இரண்டு தகரத்தையும் ஸ்பாட் வெல்டிங் செய்து, இணைப்பின் மேல் சீலன்ட் என்ற அடைப்புப் பசையைப் பூசி, அதை மறைக்கக் கறுப்பு ரப்பர் பட்டி ஒன்றை அழுத்தி விட்டிருக்கிறார்கள். தண்ணீரைத் தடுப்பது அந்தப் பட்டி இல்லை. அது அழகுக்கு. தடுப்பது அடியில் இருக்கும் சீலன்ட். வருஷக்கணக்கில் சூடும் குளிரும் பட்டு அது இறுகிப்போகிறது; கார் ஓடும்போது பாடி முறுகும் ஒவ்வொரு தடவையும் மயிரிழை விரிசல் விடுகிறது. மேலே பட்டி மூடியிருப்பதால் யார் கண்ணிலும் படாது.

சந்தேகத்துக்குரிய இடம் அது ஒன்று மட்டும் இல்லை. கூரை ஆன்டெனாவின் அடி ரப்பர், முன்கண்ணாடியின் மேல் விளிம்பு, கேரியர் போல்ட்டுகள், பின்பக்க மூன்றாவது பிரேக் லைட் என்று எல்லாமே வழி விடலாம். சன்ரூஃப் வைத்த கார் என்றால் முதலில் பார்க்க வேண்டியது வடிகுழாய்கள். சன்ரூஃபைச் சுற்றியுள்ள ரப்பர் முழுத் தண்ணீரையும் தடுப்பதற்காக வைத்தது இல்லை. உள்ளே வருவதைச் சுற்றியிருக்கும் தட்டு வாங்கிக்கொண்டு, பில்லர்கள் வழியாகப் போகும் குழாய்களில் வெளியே விடும். அந்தக் குழாய் குப்பையால் அடைத்தால் தட்டு நிரம்பி உள்ளே வழியும். மெல்லிய நைலான் நரம்பை விட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும். ஏர் கம்ப்ரஸரை முழு அழுத்தத்தில் வைத்து ஊதினால் உள்ளே குழாயின் ஜாயின்ட் கழன்றுகொள்ளும், அப்புறம் முழு லைனிங்கையும் இறக்க வேண்டியதுதான்.

தண்ணீர் ஊற்றித் தேடினோம். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. குழாயை அழுத்தமில்லாமல் திறந்து, கீழிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஒரே இடத்தில் மட்டும் விட வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச்சுடன் உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து ஒரேயடியாக ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது காரணம் என்று சொல்ல முடியாது. கதவு ரப்பரிலும் முன்கண்ணாடியிலும் ஒன்றும் இல்லை. கூரைப் பள்ளத்தில் விட்டபோது மட்டும், வெகு நேரம் கழித்து, முன்பில்லரின் உள்பக்கம் ஈரக்கோடு இறங்கியது. பக்கம் தெரிந்தது, இடம் தெரியவில்லை. பள்ளம் கூரை நீளத்துக்கு இருக்கிறதே.

இடத்தைக் காட்டியது சோப்பு நுரை. இந்த வேலை முழுவதிலும் எனக்குச் சந்தோஷம் தந்த ஒரே நேரம் அதுதான். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டோம். காருக்குள் காற்றழுத்தம் லேசாகக் கூடும். வெளியே பட்டியைக் கழற்றிவிட்டுப் பள்ளம் முழுக்க ஸ்பாஞ்சால் சோப்புத் தண்ணீர் தடவினேன். முன்கண்ணாடி மூலையிலிருந்து ஒரு சாண் பின்னால், சீலன்ட்டின் விரிசலில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக எழும்பின. துடைத்துவிட்டுத் திரும்பத் தடவினாலும் அதே இடத்தில், அதே வரிசையில். ஆன்டெனா அடியிலும் ஒரு பக்கம் நுரை பொங்கியது. தண்ணீர் மணிக்கணக்காகச் சொல்லாததைக் காற்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டது.

பட்டியைத் தூக்கியபோது பார்த்ததையும் சொல்ல வேண்டும். அடியில் கறுப்புச் சேறு, வெயில் காலத்திலும் ஈரம் காயாமல். அதைச் சுரண்டினால் சீலன்ட் வறண்ட குளத்து மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தது. பட்டியின் இரு ஓரத்திலும் கண்ணாடி போலச் சிலிக்கான் பூசியிருந்தது. முன்பு ஒர்க்‌ஷாப்பில் "ஒழுகல் சரி பண்ணியாச்சு" என்று கொடுத்த வேலை அது.

ஒழுகல் வேலை நேரத்தைத் தின்னும், சொட்டு விழும்வரை காத்திருக்க மெக்கானிக்குக்கு நேரமும் இல்லை, அதற்குரிய கூலியும் யாரும் கொடுப்பதில்லை. அது எனக்குப் புரிகிறது. ஆனால் பட்டியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் மேலே சிலிக்கான் பூசியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. உள்ளே போன தண்ணீர் வெளியே வரும் வழியையும் அது அடைத்துவிட்டது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் காயும்போது அமிலத்தை விடும், தகரத்தைத் துருப்பிடிக்க வைக்கும். அதன் பிசுக்கு இருக்கும்வரை பெயின்ட்டோ வேறு சீலன்ட்டோ ஒட்டாது. சிலிக்கானைச் சுரண்டி எடுத்ததுதான் மொத்த வேலையிலேயே நீளமான பகுதி. அடியில் துரு புள்ளிகளாக ஆரம்பித்திருந்தது. இன்னும் சில மழைக்காலம் விட்டிருந்தால் டிங்கரிங் வரை போயிருக்கும்.

பிறகு நடந்தது நேரான வேலை. பழைய சீலன்ட்டை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, காய்ந்ததும் பாலியூரித்தேன் சீம் சீலரைப் பள்ளம் முழு நீளத்துக்கும் விட்டு விரலால் அழுத்திவிட்டோம். விரிசல் தெரிந்த இடத்துக்கு மட்டும் பூசிப் பயனில்லை. பக்கத்துச் சீலன்ட்டுக்கும் அதே வயதுதான். ஆன்டெனாவைக் கழற்றி, சப்பிப்போன ரப்பரை மாற்றினோம். உள்லைனிங், பில்லர் மூடிகளைத் தொடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: கூரையின் பக்க ஓரத்தில் மடித்து வைத்த கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் கார் என்றால் பேட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சீட்டைக் கழற்றிக் கார்ப்பெட்டைத் தூக்கி, அடி ஃபோமை வெளியே எடுத்துக் காய வைக்காவிட்டால் பூஞ்சை வாடை போகவே போகாது.

அதற்குப் பிறகு பெய்த மழையெல்லாம் தாங்கிவிட்டது. கார்ப்பெட் காய்ந்திருக்கிறது, ரூஃப் லைட் சொட்டவில்லை, ஓட்டுவதற்கு முன்போலவே அருமையாக இருக்கிறது. இருந்தும் நண்பரிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். தண்ணீர் தேங்கும் பள்ளத்தை வெட்டி, அதைத் தடுக்கும் ஒரே பொருளைக் கண்ணுக்குத் தெரியாமல் மூடி வைத்த காரை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கேட்கப் போவதில்லை என்று தெரியும். கேட்காவிட்டால் குறைந்தது பட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலை பேசட்டும். பட்டி ஓரத்தில் சிலிக்கான் தெரிந்தால் பேசவே வேண்டாம். என் காரில் இடது பக்கப் பட்டியை நான் இன்னும் கழற்றவில்லை. அடுத்த மழைக்கு முன் அதையும் செய்தாக வேண்டும்.