காமா: கிரேக்கமா, லத்தீனா?

கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் சின்ன காமா முக்கியமாக இரண்டு இருக்கிறது, கிரேக்க எழுத்துக்குப் பதின்ம எண் 947, ஒலிக்குறிக்கென்று வைத்த லத்தீன் காமாவுக்கு 611.

டைப் செய்ய கிரேக்கம்தான் சுலபம். கிரேக்க கீபோர்டிலேயே வந்துவிடும், வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லில் அதற்குப் பெயரே உண்டு, 611-க்கு எண்ணைத்தான் போட வேண்டும். கணிதக் குறியாகவோ கிரேக்கச் சொல்லாகவோ எழுதினால் 947 போதும்.

உச்சரிப்புக் குறி என்றால் கதை வேறு. சர்வதேச ஒலியெழுத்துப் பட்டியலில் இருப்பது 611. கிரேக்கத்தில் பாலுக்கான 'காலா' என்ற சொல்லையே பாருங்கள், சொல்லை எழுதும்போது முதல் எழுத்து 947, பக்கத்தில் உச்சரிப்பைக் காட்டும்போது 611. நிறைய ஃபான்ட்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், ஆனால் தேடும்போது ஒன்றைப் போட்டால் மற்றது சிக்காது.

கோடில் இது இன்னும் படுத்தும். பைத்தான் மொழி வேரியபிள் (மதிப்பை வைக்கும் இடம்) பெயர்களை என்எஃப்கேசி முறைப்படி, அதாவது ஒரே எழுத்தின் மாற்று வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறைப்படி சீராக்கும், அதிலும் இந்த இரண்டும் ஒன்றாவதில்லை. ஒன்றில் மதிப்பை வைத்து மற்றொன்றைக் கூப்பிட்டால் 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்கிற நேம் எரர்தான், திரையில் பெயர் சரியாகத்தான் இருக்கும், அதுதான் எரிச்சல். பெரிய எழுத்தாக மாற்றினாலும் 915, 404 என்று தனித்தனியே போகும்.

என்னைக் கேட்டால் அகராதி டேட்டாவில் உச்சரிப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு 611. வேரியபிளுக்கு? இரண்டுமே வேண்டாம், சாதா ஆங்கில எழுத்திலேயே காமா என்று எழுதிவிடுங்கள். அப்புறம் தீட்டா என்ற கிரேக்க எழுத்துக்கு இந்தக் குழப்பமே இல்லை, ஒலிக்குறிக்கும் கிரேக்கத்தின் 952-ஐத்தான் போடுகிறார்கள்.