கிழக்கன் பிடிக்க வாங்கிய மடக்கு ராட் செட்: ஆறு மாதப் பாவனைக்குப் பிறகு

கொழும்பு புறக்கோட்டையில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளில் தொங்குமே, ஆறு துண்டாக ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் 2.1 மீட்டர் ராட், கூடவே சின்ன ரீல், அதில் சுற்றிய தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்), ஒரு குட்டிப் பெட்டியில் தூண்டில் முள்ளும் ஈயமும், எல்லாம் ஒரே பையில், அதைத்தான் போன நவம்பரில் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏப்ரல் முடியும்வரை அநேகமாக எல்லா ஞாயிறும் விடிய முன்னமே காக்கைதீவுக் கடற்கரைக்குக் கொண்டு போயிருக்கிறேன், சில நாள் வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும். கரையோர மணலில் திரியும் கிழக்கன் மீன் ஒன்றுதான் என் நோக்கம். பெரிய பாரை, சீலா என்று யோசிப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம்.

ராட்டின் நுனி அருமை. கிழக்கன் மணலோடு மணலாகத் திரிந்து புழுவையும் சின்ன இறாலையும் கிண்டித் தின்கிற மீன், பயந்தால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும், வாயும் சின்னது. அது இரையைத் தொடுவது டக் டக் என்று இரண்டு தட்டு, அவ்வளவுதான். என் பழைய தடித்த ராட்டில் அது கைக்குத் தெரியவே தெரியாது, இதில் தெளிவாகத் தெரிந்தது. 20 கிராம் ஈயத்தோடு வீசினால் முதல் அலை உடைகிற இடத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் போய் விழுகிறது. அங்கிருந்து மெதுவாக இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தால் போதும், தூர வீசத் தேவையில்லை.

ஆனால் முதல் மூன்று கிழமையும் இரைதான் போனது, மீன் வரவில்லை. "எல்லா மீனுக்கும் சரி தம்பி" என்று கடையில் சொன்னதை நம்பியிருந்தேன். மட்டக்குளியில் இருக்கிற மாமா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்த முள்ளு அதின்ர வாய்க்குள்ள போகுமே மருமோன்?" என்று கேட்டார். சரிதான், கூட வந்த முள் எல்லாம் பெரிசு. தங்கூசியும் 0.40 மில்லிமீட்டர், ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டு நிற்கிறது, மீன் தட்டினாலும் கைக்கு வராது. 0.25 தங்கூசியும் தண்டு நீண்ட, சின்ன 10ஆம் நம்பர் முள்ளும் தனியாக வாங்கி, இறாலைச் சின்னத் துண்டாக வெட்டிக் கோர்த்த முதல் நாளே ஏழு கிழக்கன். பழைய தங்கூசியைத் தயவுசெய்து கடற்கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், காகத்தின் காலில் அது இறுகியிருந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன், மனசு கேட்கவில்லை.

உப்புக்கு இது தாங்காது. மூன்றாம் மாதமே நுனி வளையத்தில் துரு, அந்த இடத்தில் தங்கூசி உரசிப் பிய்ந்து இரண்டு மீன் போயிற்று. மூட்டுக்குள் மணல் போனால் ராட் மடங்காமல் இறுகிவிடும், பலமாகத் திருகினால் வெடிக்கும். வீட்டுக்கு வந்ததும் முழுதாக நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டுத்தான் மடக்க வேண்டும். ரீல் பரவாயில்லை, கைப்பிடி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது.

ராட்டும் ரீலும் தனியாகக் கிடைத்தால் அப்படியே வாங்குங்கள், செட்டாக வாங்குவது வீண் செலவு. அவசரமும் இல்லை. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பு, கரையில் நிற்பதே ஆபத்து. என்னுடையதும் இப்போது அலுமாரிக்குப் பின்னால் நிற்கிறது, ஒக்டோபருக்குள் நுனி வளையத்தை மாற்ற வேண்டும்.