தாய்லாந்தில் விசா நீட்டிப்பு: "நீங்கள் வர வேண்டாம், பாஸ்போர்ட் மட்டும் போதும்" என்றால் உஷார்

சியாங் மாயில் ஒரு டிராவல் கடை, சுற்றுலா விசாவை நீட்டித்துத் தருவதாகச் சொல்லி எங்கள் இரண்டு பாஸ்போர்ட்களையும் வாங்கி வைத்துக்கொண்டது. கெடு தாண்டும்வரை இழுத்தடித்துவிட்டு, கெடு தாண்டியதைச் சரிசெய்யவும் எங்களிடமே காசு கேட்டது. போன பணத்தை விட, பாஸ்போர்ட்டில் ஏறியிருக்கும் ஓவர்ஸ்டே (அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியது) முத்திரைதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. நீண்ட நாள் பயணத்தில் இருப்பவர்கள், தாய்லாந்தில் இன்னும் ஒரு மாதம் தங்கலாமா என்று யோசிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

நானும் என் மனைவியும் தென்கிழக்கு ஆசியாவை நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். தாய்லாந்துக்குள் பிப்ரவரியில் சுற்றுலா விசாவில் நுழைந்தோம். 60 நாள் முத்திரை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சோங்க்ரான், அதாவது தாய்லாந்தின் புத்தாண்டு. அதைச் சியாங் மாயில் பார்க்க வேண்டும் என்று ஆசை. எங்கள் கெடு அந்த விடுமுறைக்குச் சற்று முன்பே முடிகிறது.

சுற்றுலா விசாவில் போனவர்களுக்குத் தாய்லாந்துக்குள்ளேயே 30 நாள் நீட்டிப்பு கிடைக்கும். கட்டணம் 1,900 பாட். நாங்களே போய்ச் செய்வதாகத்தான் இருந்தோம். விண்ணப்பப் படிவத்தை அச்செடுக்கத்தான் அந்தக் கடைக்குள் நுழைந்தோம். பேருந்து டிக்கெட், பைக் வாடகை, விசா உதவி என்று எல்லாம் எழுதிய பலகை. உள்ளே இருந்த பெண் நல்ல ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு ஒரு கேள்விதான் கேட்டார்: "உங்களிடம் டி.எம். 30 இருக்கிறதா?"

இந்த டி.எம். 30 பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயமுறுத்தலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டு இமிகிரேஷன் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரோ விடுதிக்காரரோ 24 மணி நேரத்துக்குள் அதை இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் படிவத்தின் எண்தான் டி.எம். 30. பெரிய ஹோட்டல்கள் இதைத் தானாகவே செய்துவிடும். சின்ன கெஸ்ட் ஹவுஸ், மாத வாடகை அறை என்றால் சிலர் செய்வார்கள், சிலர் கண்டுகொள்ள மாட்டார்கள். நீட்டிப்புக்குப் போகும்போது அந்த ரசீதைக் கேட்பது வழக்கம். ஆனால் அது தங்கவைப்பவரின் கடமை. "எனக்கு ஒரு நகல் வேண்டும்" என்று அவரிடம் கேட்டால் முடிந்துபோகிற சமாசாரம்.

கடைக்காரப் பெண் சொன்ன கதையே வேறு. சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் எதுவும் டி.எம். 30 பதிவு செய்வதில்லை, அது இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அபராதம் உங்கள் தலையில் விழும், நாள் முழுக்கக் காத்திருந்து வெறுங்கையோடு வருவீர்கள், நேற்றுகூட இருவர் அழுதுகொண்டே வந்தார்கள் என்று வரிசையாக அடுக்கினார். எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கிறது, நீங்கள் வரக்கூட வேண்டாம், ஆளுக்கு 5,500 பாட், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்றார். முன்பணம் முழுதாக. கையில் கிடைத்தது ஒரு ரசீது. அதில் "ஆவண சேவை" என்று இரண்டு சொல், தொகை, கையெழுத்து. என்ன ஆவணம், என்ன சேவை, எந்தத் தேதிக்குள் என்று ஒன்றும் இல்லை. பின்னால் சுற்றுலா போலீஸிடம் போனபோது அந்த ரசீதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாமல் போனது இதனால்தான்.

ஒரு வாரம் கழித்துப் போனோம். அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார். அப்புறம் சிஸ்டம் வேலை செய்யவில்லை. அப்புறம், எங்கள் கெடுவுக்கு முந்தைய நாள் என்று நினைக்கிறேன், புதிதாக ஒன்றைச் சொன்னார்கள்: "விண்ணப்பம் உள்ளே போய்விட்டது. உள்ளே இருக்கும்வரை ஓவர்ஸ்டே கணக்கில் வராது. சோங்க்ரான் முடிந்ததும் கையெழுத்தாகிவிடும்."

இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உலகத்தில் எந்த நாட்டில் இதைக் கேட்டாலும் சந்தேகப்படுங்கள். தாய்லாந்தில் சாதாரண 30 நாள் சுற்றுலா நீட்டிப்பு பெரும்பாலும் போன அன்றே முடிந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும். அதிகாரி பரிசீலனைக்கு எடுத்துவைத்தாலும், பரிசீலனையில் இருக்கிறது, இன்ன தேதிக்கு வாருங்கள் என்று அதற்கும் ஒரு முத்திரையைப் பாஸ்போர்ட்டில் வைத்துத்தான் தருவார்கள். முத்திரை இல்லாத பரிசீலனை என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டை எங்களிடம் காட்டச் சொன்னபோது, அது அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள்.

சோங்க்ரான் வந்தது. ஊரே தண்ணீரில் நனைந்துகொண்டிருக்க, நாங்கள் பாஸ்போர்ட் இல்லாமல், கெடு முடிந்த நிலையில், போலீஸ் சட்டையைப் பார்த்தாலே தெரு மாறி நடந்தோம். எதற்காக நீட்டிக்க ஆசைப்பட்டோமோ அந்தத் திருவிழாவைப் பாதிக்கு மேல் அறைக்குள்ளேயே கழித்தோம்.

விடுமுறை முடிந்து போனபோது கடையின் பேச்சே மாறிவிட்டது. கெடு தாண்டிவிட்டதாம், இனி உள்ளே பேசிச் சரிசெய்ய இரண்டு பேருக்கும் சேர்த்து 12,000 பாட் ஆகுமாம். ஓவர்ஸ்டே கணக்கில் வராது என்று சொன்னீர்களே என்றால் அந்தப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார். உள்ளிருந்து வந்த இன்னொருவர் வேறு வழி ஒன்றும் வைத்திருந்தார். பாஸ்போர்ட் மட்டும் மியான்மரை ஒட்டிய மே சாய் எல்லைக்குப் போகும், வெளியேறிய முத்திரை, நுழைந்த முத்திரை இரண்டோடும் திரும்பி வரும், நீங்கள் அறையிலேயே இருக்கலாம் என்றார். தயவுசெய்து இதற்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். நீங்கள் தாண்டாத எல்லையைத் தாண்டியதாகச் சொல்லும் முத்திரை போலி. அது கணினிப் பதிவோடு ஒத்துப்போகாவிட்டால் விமான நிலையத்தில் பிடிபடுவது பாஸ்போர்ட்டின் சொந்தக்காரர்தான். ஓவர்ஸ்டேக்கு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். போலி முத்திரை என்றால் கிரிமினல் வழக்கு.

என் மனைவி அன்றே விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போனார். பாஸ்போர்ட் எண் போனில் படமாக இருந்தது. அதிகாரி கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: இந்த எண்ணில் எந்த விண்ணப்பமும் வரவில்லை. நீட்டிப்புக்கு ஆள் நேரில் வர வேண்டும், படம் எடுப்போம், வராமல் எப்படிச் செய்ய முடியும் என்று அவர் திருப்பிக் கேட்டாராம். திரும்பி வரும் வழியில் எங்கள் கெஸ்ட் ஹவுஸ் அம்மாவிடம் டி.எம். 30 பற்றிக் கேட்டார். நாங்கள் அறை எடுத்த அன்றே அவர் ஆன்லைனில் பதிவு செய்திருந்தார். "கேட்டிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனே" என்று அச்செடுத்துக் கையில் கொடுத்தார். எங்களைக் கடைக்குள் இழுத்த அந்தப் பயம் முழுவதும் காற்று.

அப்புறம் 1155க்குப் போன் செய்தோம். அது சுற்றுலா போலீஸின் எண், ஆங்கிலத்தில் பேசலாம். அவர்கள் கடைக்குப் பேசிய கொஞ்ச நேரத்திலேயே, அலுவலகத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பாஸ்போர்ட்கள் கடை மேசைக்கு வந்துவிட்டன. நாங்கள் கொடுத்த அதே பிளாஸ்டிக் உறை. உள்ளே நிரப்பாத விண்ணப்பப் படிவம், நாங்கள் கொடுத்த புகைப்படங்கள் அப்படியே. மூன்று வாரத்துக்கு மேல் அந்த உறை மேசை இழுப்பறையை விட்டு நகரவே இல்லை. பணம்? சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்றார்கள். ரசீதில் விசா என்ற பேச்சே இல்லாததால் போலீஸும் அதற்கு மேல் அழுத்தவில்லை.

இனி ஓவர்ஸ்டே விவகாரம். நாளொன்றுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். நாமாகவே விமான நிலையத்தில் கட்டிவிட்டு வெளியேறினால், 90 நாளுக்கு உட்பட்ட ஓவர்ஸ்டேக்குத் தடை இல்லை. 90 நாளைத் தாண்டினால் ஓராண்டு, ஓராண்டைத் தாண்டினால் மூன்று ஆண்டு என்று ஏறிக்கொண்டே போய்ப் பத்தாண்டு வரை நுழைவுத் தடை. ஆனால் வெளியேறும் முன்னால் சாலைச் சோதனையிலோ அறையிலோ பிடிபட்டால் கணக்கு வேறு. ஒரே ஒரு நாள் தாண்டியிருந்தாலும் ஐந்தாண்டுத் தடை வரலாம், ஓராண்டுக்கு மேல் என்றால் பத்தாண்டு. 2016 மார்ச் 20 முதல் இதுதான் நடைமுறை. அதனால் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பாங்காக்குக்குச் சாலை வழியாகப் போகும் யோசனையைக் கைவிட்டு, சியாங் மாயிலிருந்தே நேராக வெளிநாட்டு விமானம் பிடித்தோம். கவுன்ட்டரில் ஓரமாக உட்காரவைத்து, ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, அபராதத்துக்கு முறையான ரசீது கொடுத்து, முத்திரை குத்தி அனுப்பினார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை. அந்தக் கடையின் சிரிப்பை விட அந்த அதிகாரியின் சிடுமூஞ்சி எவ்வளவோ மேல்.

நேரில் போய்ச் செய்வதற்கு என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். டி.எம். 7 என்ற படிவம், 4க்கு 6 செ.மீ. அளவில் ஒரு புகைப்படம், பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், விசா பக்கம், கடைசி நுழைவு முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள், டி.எம். 30 ரசீது, 1,900 பாட். காலையில் சீக்கிரம் போங்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் திறக்க மாட்டார்கள். கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். விசாவில் அச்சிட்டிருக்கும் தேதிக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எதுவரை தங்கலாம் என்பது நுழையும்போது குத்திய முத்திரையில் இருக்கிறது. இன்னொன்று, நீட்டிப்பு வாங்கிய பிறகு இரண்டு நாள் லாவோஸ் போய்வரலாம் என்று கிளம்பினால் நீட்டிப்பு காலி. போகும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் (திரும்பி நுழைவதற்கான அனுமதி) வாங்க வேண்டும், ஒரு முறைக்கு 1,000 பாட்.

மற்ற நாடுகளிலும் இதே மாதிரி கடைகள் இருக்கும், விதிகள்தான் மாறும். இந்தோனேசியாவில் ஓவர்ஸ்டே அபராதம் நாளுக்கு 10 லட்சம் ரூபியா, 60 நாளைத் தாண்டினால் நாடு கடத்தல். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) 180 நாளுக்குள் 90 நாள்தான். இன்னும் சுற்றிப்பார்க்க ஆசை என்பதற்கெல்லாம் அங்கே நீட்டிப்பு கிடையாது. உடல்நிலை, தவிர்க்க முடியாத காரணம் என்றால்தான் பேச்சே. அதனால் ஐரோப்பாவில் ஒருவர் "சுற்றுலா நீட்டிப்பு செய்து தருகிறேன்" என்றால் மேற்கொண்டு கேட்கவே வேண்டாம்.

எல்லா ஏஜென்ட்களும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. உங்களோடு அலுவலகத்துக்கு வந்து, படிவம் நிரப்பிக் கொடுத்து, வரிசையில் உட்காரவைத்து, அதற்கு ஒரு தொகை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வயதானவர்களோடு பயணம் செய்பவர்களுக்கு அது நல்ல உதவிதான். அங்கே பாஸ்போர்ட் உங்கள் கையிலிருந்து நேராக அதிகாரி கைக்குப் போகும். இடையில் ஓர் இரவுகூட இன்னொருவரிடம் தங்காது.

ஏற்கெனவே இப்படி ஒரு கடையில் பாஸ்போர்ட் சிக்கியிருக்கிறது என்றால், கூடுதல் பணம் கட்டும் முன் 1155க்குப் பேசுங்கள். விசா நிலையை அறிய இமிகிரேஷனின் 1178 இருக்கிறது. எங்களுக்கு ஒருவர், பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று தூதரகத்தில் எழுதிக்கொடுத்துப் புதிதாக வாங்கிவிடுங்கள் என்று யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள். தொலைந்ததாகப் பதிவானால் பழையது ரத்தாகிவிடும், மறுநாளே கடைக்காரர் திருப்பிக் கொடுத்தாலும் அதை வைத்து விமானம் ஏற முடியாது. உங்கள் நுழைவு முத்திரையும் அந்த ரத்தான புத்தகத்தில்தான் இருக்கும். புதிய பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அதே இமிகிரேஷன் அலுவலகத்துக்குப் போய் விவரங்களை மாற்றி வாங்க வேண்டும். அந்த நாட்களுக்கும் சேர்த்து 500 பாட் ஓடிக்கொண்டிருக்கும்.