பியூட்டைல் தாளும் ஓப்பன் பேஃபிளும்: எங்கே ஒட்டலாம், எங்கே வீண்

கார் கதவுக்குள் ஒட்டுவதற்கென்று விற்கும் பியூட்டைல் ரப்பர் தாளைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஒரு பக்கம் ஒட்டும் கறுப்பு ரப்பர், மறுபக்கம் மெல்லிய அலுமினியம், மொத்தம் 2 மில்லிமீட்டர் தடிமன். சொந்தமாக ஸ்பீக்கர் கட்டுகிறவர்களிடம் "பலகை அதிர்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டால், பலரும் முதலில் கைகாட்டுவது இதைத்தான். நான் கட்டிய ஓப்பன் பேஃபிள் ஜோடியில் (பெட்டி இல்லாமல் வெறும் பலகையில் பொருத்திய ஸ்பீக்கர்கள்) வெவ்வேறு இடங்களில் ஒட்டி அளந்து பார்த்தேன். ஓரிடத்தில் அருமையாக வேலை செய்கிறது. இன்னொரு இடத்தில், அதுவும் எல்லோரும் ஒட்டுகிற இடத்தில், கிட்டத்தட்ட எதுவுமே செய்வதில்லை.

முதலில் ஸ்பீக்கரைப் பற்றி. 18 மில்லிமீட்டர் பிளைவுட், 60 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். கீழே எமினன்ஸ் ஆல்ஃபா 15ஏ என்ற 15 இஞ்ச் வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்), மேலே குரல் உட்பட மீதி ஒலிகளுக்கு 8 இஞ்ச் ஃபுல்ரேஞ்ச். பெட்டியே கிடையாது. அதனால் கோனின் (முன்னும் பின்னும் ஆடி ஒலியெழுப்பும் கூம்பு) பின்பக்க ஒலி சுற்றி வந்து முன்பக்க ஒலியைக் கழித்துவிடும். பலகையின் அகலத்தைப் பொறுத்து ஒரு அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 6 டெசிபல் வீதம் பேஸ் சரிந்துகொண்டே போகும். ஆல்ஃபாவின் க்யூடிஎஸ் (தன் சொந்த அதிர்வெண்ணில் கோன் எவ்வளவு அடங்காமல் ஆடும் என்று சொல்லும் எண்) 1.26, சொந்த அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். பெட்டிக்குள் போட்டால் இவ்வளவு உயர்ந்த க்யூடிஎஸ் தொல்லைதான். பெட்டி இல்லாதபோதோ அதே குணம் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைத் தூக்கிக் கொடுத்து அந்தச் சரிவில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. ஓப்பன் பேஃபிள் கட்டுகிறவர்கள் இந்த வூஃபரைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

பெட்டி இல்லாததால் அதிர்வும் இல்லை என்று ஒரு நம்பிக்கை உண்டு. உள்ளே அடைபட்ட காற்று பலகைகளைத் தள்ளுவதில்லை என்பது உண்மை. ஆனால் கோன் முன்னால் போகும்போது காந்தமும் வூஃபரைத் தாங்கும் சட்டமும் பின்னால் தள்ளப்படும், அந்தத் தள்ளு நேராகப் பலகைக்குத்தான் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆல்ஃபாவின் அசையும் பாகத்தின் எடை சுமார் 59 கிராம். 40 ஹெர்ட்ஸில் அது முன்னும் பின்னும் 3 மில்லிமீட்டர் போனால், உச்சத்தில் 11 நியூட்டன் விசை. ஒரு கிலோ எடையைப் பலகை மேல் வைத்து அழுத்தி எடுப்பதற்குச் சமம், அதுவும் நொடிக்கு நாற்பது தடவை.

என் பலகை எல்லாம் சேர்த்து 15 கிலோ. அது தடையில்லாமல் நகர்ந்தால் 0.012 மில்லிமீட்டர்தான் ஆடும். சின்ன எண்தான், ஆனால் பலகையின் பரப்பு கோனைப் போல ஏழெட்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் கோன் தள்ளும் காற்றில் ஏறக்குறைய 3 சதவீதத்தைப் பலகையும் தள்ளுகிறது. இதுவரை பரவாயில்லை. பலகை தன் சொந்த அதிர்வெண்ணில் வளைந்து ஆடும்போதுதான் அந்த 3 சதவீதம் பல மடங்காகிறது, ஒலி நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே போகிறது. ஆண் குரல், செல்லோ, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் என்று உடம்பு நிறைந்த ஒலிகள் எல்லாம் ஒரு மூட்டத்துக்குள் இருந்து வருவதுபோல் கேட்பது இதனால்தான்.

காதை மட்டும் நம்பி இதை எடைபோட முடியாது. அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ வட்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, சவுண்ட் கார்டில் சொருகி, ஆர்ஈடபிள்யூ மென்பொருளில் 30 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஒரு ஸ்வீப் (படிப்படியாக ஏறிப்போகும் ஒலி) ஓட்டினால் பலகை எங்கே ஆடுகிறது என்று படமாகவே தெரியும். என் பலகையின் பெரிய உச்சம் 150 ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

சரி, தாளுக்கு வருவோம். முதலில் வூஃபரின் சட்டம். இரும்புத் தகட்டை அழுத்திச் செய்த எந்தச் சட்டத்தையும் விரலால் சுண்டினால் மணிபோல ஒலிக்கும். அதன் கால்கள் மேல் தாளைப் பட்டையாக வெட்டி ஒட்டி நன்றாக அழுத்தினால் அந்த மணியோசை அடங்கிவிடுகிறது, பீசோ படத்திலும் கூர்மையான அந்த உச்சி மழுங்கிப் போகிறது. இதற்காகவே இந்தத் தாளை வாங்கலாம் என்பேன். தேவைப்படுவதும் மிகக் கொஞ்சம்தான். கோனுக்குப் பின்னால் காற்றுப் போகும் வழியை அடைக்காதீர்கள். கோனை ஆட்டும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்குப் போகும் பின்னல் கம்பி பக்கம் தாளின் ஓரம் போகக்கூடாது, அலுமினியம் பட்டால் ஷார்ட் ஆகும்.

அடுத்தது பிளைவுட் பலகையின் பின்பக்கம் முழுக்க ஒட்டுவது. தட்டிப் பார்த்தால் பெரிய மாற்றம் வந்ததுபோலத் தோன்றும். 'டொக்' என்றது 'தொப்' என்றாகும். ஆனால் பீசோ படத்தில் 150 ஹெர்ட்ஸ் உச்சம் குறைந்தது ஒன்றிரண்டு டெசிபல்தான். தட்டும்போது மாறுவது மேல் அதிர்வெண்கள். தொந்தரவு இருப்பதோ கீழே.

காரணம் எளிது. பலகை வளையும்போது அலுமினியம் மேலே பிடித்து இழுக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் மாட்டிக்கொண்ட ரப்பர் பக்கவாட்டில் இழுபட்டு அதிர்வை வெப்பமாக்கும். கார் கதவின் தகடு 1 மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் மெல்லிய அலுமினியமே அதற்குப் போதும். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும். 18 மில்லிமீட்டர் மரத்துக்கு முன்னால் அந்த அலுமினியம் ஒன்றுமே இல்லை. தாள் வேலை செய்யவில்லை என்று பொருளைக் குறை சொல்வது நியாயமில்லை. அது இந்த வேலைக்குச் செய்யப்பட்டதே அல்ல.

பிளைவுடில் பலன் வேண்டுமென்றால் ரப்பர் நடுவில் போக வேண்டும். 18க்குப் பதில் 12 மில்லிமீட்டர் பலகை இரண்டு, நடுவில் பியூட்டைல். இதற்கு அலுமினியம் இல்லாத, இரண்டு பக்கமும் ஒட்டுகிற வகையைக் கேட்டு வாங்குங்கள். இப்படிக் கட்டிய பலகையில் அந்த உச்சம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது. ஆனால் இரண்டு பலகையையும் சேர்த்து ஸ்க்ரூ அடித்தால் ஸ்க்ரூ ஒரு பாலமாகி, ரப்பர் இழுபடாமலே போய்விடும். வூஃபரின் போல்ட்களும் முன்பலகையை மட்டும் பிடிக்க வேண்டும், பின்பலகையின் துளை கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் அந்த 11 நியூட்டன் அப்படியே இருக்கும். பலகை வளைந்து ஆடுவதைத்தான் தாள் அடக்கும், தள்ளும் விசையைத் தொடாது. அதற்கு வேறு வழிகள் உண்டு. இரண்டு வூஃபரை ஒரே இடைவெளியின் இரு பக்கமும் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் அதற்குள் காற்றைத் தள்ளும்படி வயர் கொடுத்தால், கோன்கள் எதிரெதிர்த் திசையில் ஓடி விசைகள் ஒன்றையொன்று கழித்துவிடும். டபிள்யூ ஃப்ரேம் என்பது இதுதான். ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் தன் எல்எக்ஸ்521 ஓப்பன் பேஃபிள் வடிவமைப்பில் மேல் பலகையை வூஃபர் மேல் வைக்காமல் தனியாக ஒரு பாலத்தில் ஏற்றினார், வூஃபரின் ஆட்டம் மேலே போகக்கூடாது என்பதற்காக. அதைப் பார்த்துத்தான் நானும் பலகையைக் குறுக்கே இரண்டாக அறுத்து, ஃபுல்ரேஞ்சைத் தனிக் காலில் நிறுத்தி, இடைவெளியில் கம்பளித் துணி வைத்தேன். வூஃபரின் காந்தத்திலிருந்து அடித்தளத்துக்கு ஒரு சாய்வுக் கட்டையும் கொடுத்தேன். காதால் கேட்ட மாற்றத்தில் பெரியது இதுதான், எந்தத் தாளும் இந்த அளவுக்குக் கொடுக்கவில்லை. குரல் பேஸிலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறது, ஒலியைக் கூட்டினாலும் கலங்குவதில்லை.

வாங்குவதானால் பியூட்டைல் என்று உறுதிப்படுத்திக்கொண்டு வாங்குங்கள். தார் கலந்த மலிவுத் தாள் வீட்டுக்குள் நாறும், வெயிலில் இளகி நழுவும். ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டி, உருளையால் அழுத்துங்கள். வூஃபர் சட்டத்தில் உருளை போகாத இடத்தில் ஸ்பூனின் பின்பக்கம் போதும். அலுமினிய ஓரம் விரலைக் கிழிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், ஒட்டினதை உரிப்பது பெரும்பாடு. மறுபடி சூடாக்கித்தான் எடுக்க வேண்டும். மரத்தில் கறுப்பு ரப்பர் திட்டுத்திட்டாக நின்றுவிடும். அதனால் துளைகள், போல்ட் இடங்கள், வயர் போகும் வழி எல்லாம் முடிவான பிறகு தாளை வெட்டுங்கள்.