பயணப் பைக்கு ஓர் ஓட்டக் காலணி: மெல்லிய அடியா, மிதமான அடியா?

மாதத்தில் இரண்டு முறையாவது வேலை நிமித்தம் வெளியூர் செல்பவள் நான். சென்ற இடத்திலும் காலை ஓட்டத்தைக் கைவிட மனம் வராதவள். தோளில் மாட்டும் ஒரே பையோடு பயணம் செய்யத் தொடங்கிய பிறகு, அந்தப் பையில் மடிக்கணினியைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டது ஓட்டக் காலணிதான். எனவே அன்றாடம் ஓடும் ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு, எடை குறைந்ததாகவும் மடித்துவைக்கக்கூடியதாகவும் பைக்கென்றே தனியாக ஒரு ஜோடி வாங்குவதென்று முடிவு செய்தேன். மூன்று ஆண்டுகளில் அப்படி இரண்டு ஜோடிகள் வாங்கினேன். முதலாவது, சுருட்டிவைக்கும் அளவுக்கு மெல்லிய அடி கொண்டது. இரண்டாவது, மிதமான தடிமனும் மென்மையான குதிகால் பகுதியும் கொண்ட எடை குறைந்த பயிற்சி ஷூ. இப்போது பையில் இருப்பது இரண்டாவதுதான். ஆகவே இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எடையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காலில் கூடும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுகிறது என்பது ஆய்வுகளில் அளந்து காட்டப்பட்ட ஒன்று. நான் ஒப்பிடும் இரண்டு வகைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடோ 40 அல்லது 50 கிராம்தான். வெளியூரில் ஐந்து கிலோமீட்டர் மெதுவோட்டம் ஓடுபவருக்கு அது காலில் தெரியப்போவதில்லை. எடை குறைந்ததெல்லாம் பையில் அடங்கிவிடும் என்று எண்ணுவதுதான் முதல் தவறு. போட்டிகளுக்கென்று செய்யப்படும் கார்பன் தகடு பதித்த ஷூக்களே இதற்குச் சான்று. பெண்களுக்கான அளவுகளில் அவற்றுள் பல 200 கிராமைத் தொடுவதில்லை. ஆயினும் அவற்றின் அடி, சாலைப் போட்டிகளுக்கு உலகத் தடகள அமைப்பு 2020 முதல் வைத்திருக்கும் 40 மி.மீ. உச்சவரம்பை ஒட்டியே நிற்கிறது. தகடு வளையாது, அடியில் உள்ள தடித்த நுரையும் (ஃபோம்) மடங்காது. பைக்குள் இரண்டு செங்கற்களைப் போலக் கிடக்கும். அவற்றை அணிந்து நான் ஓடியதில்லை என்பதால், பைக்கு உதவாது என்பதற்கு மேல் எதுவும் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மெல்லிய அடி வகைக்கு மெரல் வேப்பர் க்ளவ், விரல்விரலாகப் பிரிந்திருக்கும் விப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் போன்றவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இவற்றில் காலுக்கும் தரைக்கும் நடுவே நுரை அடுக்கு இருக்காது, அல்லது சில மி.மீ. மட்டுமே இருக்கும். குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டத்தில் நிற்கும். ஓடுபவர்கள் ‘டிராப்’ என்று சொல்லும் உயர வேறுபாடு இவற்றில் பூஜ்யம். மெல்லிய காலுறையைச் சுருட்டுவதுபோல் விரல்நுனியிலிருந்து குதிகால்வரை சுருட்டி, சட்டைகளுக்கு நடுவில் செருகிவிடலாம். அடங்கும் தன்மை ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும். வேறெந்த வகையும் இதன் அருகில் வர முடியாது.

மிதமான அடி வகை அவ்வளவு எளிதாக அடங்குவதில்லை. 2010இல் முதன்முதலாக வந்த சாக்கனி கின்வாரா, அடியில் ஆழமான வெட்டுகள் போட்டு வளையும்படி செய்த நைக்கி ஃப்ரீ, மெத்தென்ற அடி இருந்தும் டிராப் இல்லாத ஆல்ட்ரா எஸ்கலாண்ட்டே ஆகியவை இந்தப் பக்கத்தில் வரும். பைக்கு எடுக்கும்போது அடியின் தடிமனைவிடக் குதிகாலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குதிகாலைச் சுற்றி உள்ளே கெட்டியான அட்டையோ பிளாஸ்டிக் தகடோ இருந்தால், ஷூவின் மேற்பகுதி எவ்வளவு மெல்லிய துணியாக இருந்தாலும் அது தன் முழு உயரத்துக்கும் விறைத்துக்கொண்டு நிற்கும். கட்டைவிரலால் பின்புறத்தை அழுத்தினால் அது ஷூவின் உள்ளட்டையின்மேல் முழுவதும் படுத்துவிட வேண்டும். அப்படிப் படுக்கும் ஷூவை, ஒன்றின் முனை மற்றொன்றின் குதிகாலுக்கு நேராக வரும்படி, அடிகள் வெளிப்புறம் பார்க்க வைத்தால், இரண்டும் சேர்ந்து ஒரு தடித்த அகராதி அளவு இடத்தில் அடங்கிவிடுகின்றன. சுருட்ட முடியாது என்பது உண்மைதான். சுருட்டிய மெல்லிய ஷூவோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரு மடங்கு இடம் வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதற்கான காரணம் பையில் இல்லை, என் கெண்டைக்காலில் இருக்கிறது.

முதல் ஜோடியை வாங்கியபோது, உடனடியாக நெடுந்தூரம் ஓட வேண்டாம், சிறிது சிறிதாகப் பழகுங்கள் என்று அதனுடன் வந்த சீட்டில் அச்சிட்டிருந்தார்கள். நானும் அதை மதித்தே நடந்தேன். இரண்டு வாரம் வீட்டுக்குள் அணிந்து நடந்தேன், பிறகு ஒரு கிலோமீட்டர், பிறகு இரண்டு என்று கூட்டினேன். வலி எதுவும் இல்லை. தரையை இவ்வளவு நெருக்கமாக உணர்ந்து ஓடுவது ஒரு புது மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. அதன்பின் ஐந்து வாரம் பயணமே அமையவில்லை. ஷூ பையிலேயே கிடந்தது, நான் வழக்கமான தடித்த ஷூவில் ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த பயணத்தில், பழகிவிட்டோமே என்ற நம்பிக்கையில், கான்கிரீட் நடைபாதையில் ஆறு கிலோமீட்டர் ஓடிவிட்டேன். மறுநாள் காலை படி இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பத்து நாள் ஓட்டமே இல்லை. ஷூவைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை; எழுதியிருந்ததை நான் பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன்.

புரியாமல் போன மறுபாதி இதுதான். அன்றாட ஓட்டத்துக்கான ஷூக்களில் பலவற்றின் டிராப் 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும். அந்த உயரத்தில் பழகிய கால் திடீரெனப் பூஜ்யத்துக்கு இறங்கும்போது, எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் குதிகால் இன்னும் கீழே போகிறது. கெண்டைக்கால் தசையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலீஸ் நாணும் கூடுதலாக நீண்டு, கூடுதலாகச் சுமக்கின்றன. நுரை இல்லாததால் பலரும் தம்மையறியாமல் முன்பாதத்தில் இறங்கத் தொடங்குகிறார்கள். அந்தச் சுமை விரல்களுக்குப் பின்னால் இருக்கும் நீண்ட மெல்லிய எலும்புகளுக்கும் போகிறது. இவையெல்லாம் வலுப்பெற முடியாதவை என்று யாரும் சொல்லவில்லை. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், விடாமல் பழக்கினால் வலுப்பெறும். வெறுங்கால் ஓட்டத்தைப் பற்றி 2010இல் நேச்சர் அறிவியல் இதழில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வுதான் இத்தகைய ஷூக்களுக்குப் பெரும் ஆதரவைத் தேடித்தந்தது. அதில் மென்மையாக முன்பாதத்தில் இறங்கியதாகக் காட்டப்பட்டவர்கள் வெறுங்காலோடு ஓடியே பழகியவர்கள். அந்தப் ‘பழகியவர்கள்’ என்ற சொல்லைத்தான் கடையில் நிற்கும்போது நாம் மறந்துவிடுகிறோம். 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், வழக்கமான ஷூவிலிருந்து விரல் பிரிந்த மெல்லிய ஷூவுக்குப் பத்து வாரத்தில் படிப்படியாக மாறியவர்களுள் கணிசமானோரின் பாத எலும்புகளில், வெளியே தெரியாத உள்வீக்கம் எம்.ஆர்.ஐ. படங்களில் காணப்பட்டது. பத்து வாரம் தொடர்ந்து பழகியவர்களின் நிலையே இப்படி என்றால், மாதத்தில் நான்கு நாள் மட்டும் அணிபவளின் நிலை என்ன?

பயணத்துக்கென்று தனியாக வாங்கும் ஷூவின் தன்மையே அதுதான். கணக்கிட்டுப் பார்த்தேன். மாதத்தில் நான் ஓடும் நாள்கள் பதினாறு என்றால் வெளியூரில் ஓடுபவை நான்கு. மீதிப் பன்னிரண்டு நாளும் கால் வேறொரு பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டு நாள் படித்ததை நான்கு நாளில் மாற்ற முடியாது. மாற்றிய சிறிதும் அடுத்த பயணத்துக்குள் கரைந்துபோய்விடுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் மெல்லிய அடியின்மேல் நிற்கும் கால் ஏறத்தாழப் புதுக் கால்தான். ஷூக்களை மாற்றி மாற்றி அணிவது காலுக்கு நல்லது என்று சொல்வார்களே என்று கேட்கலாம். வாரத்துக்குள் இரண்டு மூன்று ஜோடிகளைச் சுழற்சியில் வைத்துக்கொள்வதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பயணத்துக்குப் பயணம் மட்டும் அலமாரியிலிருந்து எடுப்பதற்கு அது பொருந்தாது. மெல்லிய ஷூவையே வீட்டிலும் வாரம் இருமுறையாவது அணிந்து பழக்கத்தைக் காப்பாற்றலாமே என்றால், தாராளமாகச் செய்யலாம். அப்போது அது பைக்கான தேர்வாக இராது. ஓடும் முறையையே மாற்றிக்கொள்ளும் தேர்வாகிவிடும். நான் தேடியது பையில் இடம். புதிய ஓட்டமுறையை அன்று.

மிதமான அடி இந்த இடத்தில்தான் முந்துகிறது. என் அன்றாட ஷூவின் டிராப் 8 மி.மீ.; பையில் இருப்பதன் டிராப் 4 மி.மீ., அடியில் ஏறத்தாழ 25 மி.மீ. நுரை. வாங்கிய மறுவாரமே அதில் ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். கெண்டைக்காலில் இலேசான இறுக்கம் தெரிந்தது, மாலைக்குள் மறைந்தது. அதன்பின் ஒரு மாதம் தொடாமல் விட்டு மீண்டும் ஓடியபோதும் அதே கதைதான். எனவே பைக்கென்று ஷூ தேடுபவர் முதலில் தம் அன்றாட ஷூவின் டிராப் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து 4 மி.மீ.க்கு மேல் இறங்காமல் இருப்பது நல்லது. இந்த எண் என் காலிலிருந்து பெற்றது. யாரும் வகுத்த விதியன்று. அன்றாடம் 12 மி.மீ. அணிபவருக்கு 4 மி.மீ. ஷூவே தொலைவாக இருக்கக்கூடும்.

உலர்வதைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வாங்கும்போது எனக்கு நினைவுக்கே வராத விஷயம் இது. மாலையில் மழையில் நனைந்த ஷூ மறுநாள் காலை பைக்குள் துணிகளோடு போயாக வேண்டும். மெல்லிய அடி ஷூ இதில் எளிதாகத் தேறிவிடுகிறது. உறிஞ்சிவைக்க அதில் பஞ்சே இல்லை. மிதமான வகையில், கணுக்காலைச் சுற்றியும், லேஸுக்கு அடியில் வரும் நாக்கிலும் பஞ்சு வைத்துத் தைத்தவை இரவு முழுவதும் ஈரமாகவே இருக்கும். ஒற்றை அடுக்கு வலைத்துணியும் துணித்துண்டு போன்ற மெல்லிய நாக்கும் கொண்டவை, உள்ளட்டையை வெளியே எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைத் திணித்துவைத்தால் காலைக்குள் ஏறத்தாழ உலர்ந்துவிடும். உள்ளட்டை ஒட்டப்பட்டிருக்கிறதா, கழற்ற வருகிறதா என்பதைக் கடையிலேயே நகத்தால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். அவசரத்துக்கு ஹீட்டரின்மேல் வைப்பது கூடாது. சூடு பசையையும் நுரையையும் கெடுக்கும்.

பெண்களுக்கான அளவு பற்றியும் ஒரு சொல். எடை குறைந்த ஷூக்களில் சில, ஆண் பெண் இருபாலருக்கும் ஒரே அச்சில் வருகின்றன. அமெரிக்க அளவுமுறையில் பெண்களின் எண் ஆண்களுடையதைவிட ஏறத்தாழ ஒன்றரை கூடுதல் என்பதால் நீளத்தைப் பொருத்திக்கொள்ளலாம். அகலம் அப்படி மாற்றிக்கொள்ள வராது. பெண்களின் வழக்கமான அகலக் குறியீடு ‘பி’, ஆண்களுடையது அதைவிட அகலமான ‘டி’. பொதுவாகப் பெண்களின் பாதம் முன்புறத்தோடு ஒப்பிடக் குதிகாலில் ஒடுங்கியது. ஆண்களின் அகலத்தில் வரும் அச்சில் அது வழுக்கும். கெட்டியான குதிகால் அட்டை இல்லாத ஷூவில் இந்த வழுக்கல் இன்னும் கூடுதலாகத் தெரியும் என்பதால், மடங்கும் தன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இங்கேதான் வெளிப்படுகிறது. மேலே கடைசியாக ஒரு கூடுதல் துளை இருந்தால் லேஸை வளையமாகக் கோத்துக் கணுக்காலை இறுக்கிக்கொள்ளலாம். அந்தத் துளை இல்லாதவற்றை நான் ஒதுக்கிவிடுவேன். மாறாக, முன்பாதம் அகன்றவர்களுக்கு இருபாலருக்குமான அச்சே வசதியாக அமையலாம். குழந்தை பெற்றவர்கள் பழைய எண்ணையே நம்பி வாங்க வேண்டாம். கருவுற்ற காலத்தில் நீண்ட பாதம் பிறகும் அப்படியே நின்றுவிடுவதுண்டு. நெடும்பயணத்தில் உட்கார்ந்தே வந்த கால் வீங்கியிருக்கும் என்பதால், மாலை வேளையில் அணிந்து பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு எடுப்பதே என் வழக்கம்.

ஆயுள் பற்றிச் சொல்ல என் கையில் இருப்பது குறைவு. பையில் இருக்கும் ஜோடி இன்னும் 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. ஓட்டக் காலணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 500 முதல் 800 கிலோமீட்டர் அளவை அது எட்டுமா என்பது போகப்போகத்தான் தெரியும். நுரை இல்லாத மெல்லிய அடிக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. ரப்பர் தேயும்வரை அது உழைக்கும், அந்த வகையில் அது சிக்கனமானது. நுரையைப் பல மணி நேரம் பாரத்துக்கு அடியில் அமுக்கிவைத்தால் அது பழைய உயரத்துக்கு முழுமையாகத் திரும்பாமல் போகலாம் என்பதால், நான் ஷூவைப் பையின் அடியில் வைக்காமல் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, உள்ளே காலுறைகளைத் திணித்துவிடுகிறேன். அப்படியும் மடித்து மடித்து, இடது ஷூவின் குதிகால் துணியில் ஒரு மடிப்புக்கோடு நிலையாக விழுந்துவிட்டது. அது இதுவரை தோலில் உரசவில்லை. மெல்லிய ஜோடியை நான் தூக்கிப் போடவும் இல்லை. ஓடத் திட்டமில்லாத பயணங்களில், விடுதி அறையிலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் அணிவதற்கு அதைத்தான் சுருட்டி எடுத்துச் செல்கிறேன்.